பூச்சுக்குள் மறைந்த விரிசல்

பொங்கல் நெருங்கும் நாட்களில் சிகாமட் கடைவீதியில் மண்பானை வாங்குவோரைக் கவனித்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரலை மடக்கி, அதன் வயிற்றில் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார்கள். 'கணீர்' என்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மங்கிக் கரகரத்தால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது என்று பொருள். பானையின் மேல் காவியும் வண்ணமும் பூசி அழகு செய்திருந்தாலும் இந்தச் சோதனை எளிதில் ஏமாறுவதில்லை. கண்ணுக்கு மறைந்ததைக் காது கண்டுவிடுகிறது.

இந்த எளிய பழக்கத்தில் ஒரு பெரிய விஞ்ஞானத் துறையின் வித்து அடங்கியிருக்கிறது. பொருளை உடைக்காமலும் அறுக்காமலும் அதன் உட்குறையை அறிகின்ற அத்துறையைச் 'சிதைக்காச் சோதனை' எனலாம். முற்காலத்து ரயில் நிலையங்களில், நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் வண்டிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சென்ற பணியாளர் செய்ததும் இதுவே. இத்துறையின் மிகக் கடினமான பணிகளுள் ஒன்று, ஆகாய விமானத்தின் உலோக உறுப்புகளில் வண்ணப் பூச்சுக்கும் முலாமுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டறிவதாகும். பானையின் கீறல் தப்பினால் பால் வீணாகும். விமானத்தின் விரிசல் தப்பினால் உயிர்கள் வீணாகும்.

உலோகமும் களைக்கும்

1954-ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று, ஜொகூருக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூரிலிருந்து 'காமெட்' என்னும் ஜெட் விமானம் ஒன்று இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. 1952 மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணியர் சேவையைத் தொடங்கி வைத்த பெருமையும் அதே விமானத்துக்கே உரியது. பல நகரங்களில் இறங்கி ஏறி, மறுநாள் ரோமாபுரியிலிருந்து கிளம்பிய அவ்விமானம், இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகில் நடுவானில் சிதறிக் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 35 பேரும் மாண்டனர்.

காமெட் விமானங்கள் உடனே நிறுத்தப்பட்டன, சோதிக்கப்பட்டன, பல திருத்தங்களும் செய்யப்பட்டன. மார்ச் 23 அன்று சேவை மீண்டும் தொடங்கிற்று. பதினாறு நாட்களே கடந்தன. ஏப்ரல் 8 அன்று மற்றொரு காமெட் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் வீழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர்.

அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. இங்கிலாந்தின் பார்ன்பரோவிலுள்ள அரச விமான ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்னால்டு ஹால் என்பவரின் தலைமையில் அறிஞர்கள் ஒரு முழுக் காமெட் விமானத்தையே பெரிய நீர்த்தொட்டிக்குள் இறக்கினர். இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விமானம் உயரே ஏறும்போது அதன் உடலுக்குள் காற்றழுத்தம் மிகுந்து உடல் சற்றே உப்பும். கீழே இறங்கும்போது மீண்டும் சுருங்கும். அந்த உப்புதலையும் சுருங்குதலையும் நீரின் அழுத்தத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் நிகழ்த்தினர். அந்த விமானம் ஏற்கனவே 1,221 முறை அழுத்தமேற்றப்பட்டுப் பறந்திருந்தது. தொட்டியில் மேலும் 1,836 முறை அழுத்தம் ஏற்றி இறக்கியபின், மொத்தம் 3,057-ஆவது முறையில், சன்னல் போன்ற ஒரு திறப்பின் மூலையிலிருந்து அதன் உடல் பிளந்தது. எல்பாவுக்கருகே வீழ்ந்த விமானமோ 1,290 பறப்புகளே கண்டிருந்தது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட அதன் கூரைப் பகுதியிலும், ஒரு திறப்பின் மூலையில் விரிசல் தொடங்கிய அடையாளம் காணப்பட்டது.

ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் அது ஒடிவதில்லை. ஓரிடத்திலேயே பலமுறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடுகிறது. இதையே உலோகக் களைப்பு என்பர். ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையையே ஆயிரம் தடவை தாங்கும்போது உலோகம் களைத்துவிடுகிறது. ஆணித் துளையின் விளிம்பிலோ கூரிய மூலையிலோ நுண்ணிய விரிசல் ஒன்று பிறக்கிறது. ஒவ்வொரு பறப்பிலும் அது மயிரிழையளவு வளர்கிறது. நெடுங்காலம் மெல்ல வளர்ந்து, முடிவில் ஒரு நொடியில் ஓடிவிடுகிறது. ஆகவே விரிசலைக் காண வேண்டிய காலம் அது மெல்ல வளரும் காலமேயாகும்.

காப்பதே மறைக்கிறது

மெல்ல வளரும் அந்தக் காலத்தில் அதைக் கண்ணால் காண முடியாதா? முடியாமற் செய்வனவற்றுள் முதன்மையானது பூச்சு. விமானத்துக்குப் பூச்சு வெறும் அழகுக்காக இடப்படுவதன்று. அலுமினியக் கலவைத் தகடு உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அரிக்கப்படும். கடல் சூழ்ந்த, மழை மிகுந்த மலேசியா போன்ற நாடுகளில் இதன் கேடு பெரிது. ஆதலால் தகட்டின் மேற்பரப்பை முதலில் ஆக்சைடுப் படலமாக்கி, அதன்மேல் அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சும், அதற்கும் மேல் வண்ணப் பூச்சும் இடுகின்றனர். சக்கரங்களைத் தாங்கும் எஃகுக் கால்களுக்குக் காட்மியம், குரோமியம் ஆகிய உலோக முலாம்கள் இடப்படுவதுண்டு. இக்காப்புகள் இல்லாவிடில் அரிப்பினாலேயே விரிசல்கள் தோன்றும்.

ஆனால் இன்றைய வண்ணப் பூச்சு ரப்பரைப் போல் இழுபடும் தன்மை உடையது. அடியில் உலோகம் விரிந்தாலும் மேலே பூச்சு விரியாமல் பாலம்போல் நிற்கக்கூடும். மேலும், விமானம் தரையில் நிற்கும்போது சுமை நீங்கிவிடுவதால் விரிசலின் இரு உதடுகளும் இறுக மூடிக்கொள்வதுண்டு. பறக்கும்போது திறந்து, பார்க்கும்போது மூடிக்கொள்ளும் அதனைக் கண்ணால் மட்டும் நம்பித் தேடுவது இயலாது.

அப்படியாயின் பூச்சை உரித்துவிட்டுப் பார்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். சில வேளைகளில் அவ்வாறே செய்கிறார்கள். உரித்த பரப்பில் நிறமுள்ள, அல்லது புற ஊதாக் கதிரில் ஒளிரும் எண்ணெய்ச் சாயத்தைத் தடவுவர். அது விரிசலுக்குள் ஊறும். மேற்பரப்பைத் துடைத்து வெண்பொடி தூவினால் ஊறிய சாயம் வெளியே கசிந்து விரிசலின் கோட்டைக் காட்டும். இது பழைய முறை, நல்ல முறை. எனினும் உரித்தலில் மூன்று இடர்கள் உண்டு.

முதலாவது, பூச்சை உரிக்க மணிகளை வீசி அடித்தாலோ தேய்த்தாலோ மென்மையான உலோகம் நசுங்கி விரிசலின் வாயை அடைத்துவிடக்கூடும். அதன் பின்னர் சாயம் உள்ளே புகாது. மறைப்பை நீக்கும் முயற்சியே புதிய மறைப்பாகிவிடுகிறது. இரண்டாவது, அமிலம் கலந்த உரிப்பான்கள் வலிமை மிக்க எஃகினுள் நீரகத்தைப் புகுத்தி அதை நொறுங்கும் இயல்பினதாக்கக்கூடும். மூன்றாவது, உரிக்கும் கருவியே புண் செய்யும். பூச்சையும் இணைப்போரத்துப் பிசினையும் கூரிய கருவியால் சுரண்டியபோது விழுந்த கோடுகளிலிருந்து விரிசல்கள் தோன்றியதை அறிந்து, போயிங் விமானங்கள் பலவற்றின் தகட்டு இணைப்புகளைச் சோதிக்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள் உத்தரவிட நேர்ந்தது. இவற்றோடு, பழைய அடிப்பூச்சுகளிலுள்ள குரோமேட் உப்பு புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்பதால் உரிக்கும் தொழிலாளரின் உடல்நலமும் கருதத்தக்கது.

ஆகவே, உரிக்காமல் ஊடே பார்க்கும் வழி தேவைப்பட்டது.

சுழலும் மின்சாரம்

அவ்வழிகளுள் முதன்மையானது சுழல் மின்னோட்ட முறை. மாறுகின்ற காந்தப்புலம் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்டார். கடத்தியாகிய உலோகத்தின் உள்ளே அம்மின்சாரம் ஆற்றுச் சுழி போலச் சுழல்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 1855-இல் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் பெர்ஸ்டர் இதனைத் தொழிற்சாலைக்கு உகந்த கருவியாக வளர்த்தார்.

எழுதுகோல் அளவிலான ஒரு முனையில் சிறிய கம்பிச் சுருள் உள்ளது. அதில் மாறுதிசை மின்சாரம் பாய்கிறது. முனையைத் தகட்டின்மேல் வைத்தால் தகட்டினுள் மின்சாரம் சுழல்கிறது. அங்கே விரிசல் இருந்தால், பாறை குறுக்கிட்ட ஓடைபோல அம்மின்சாரம் சுற்றி வளைந்து செல்ல நேரிடுகிறது. அந்த மாறுதலைச் சுருள் உணர்ந்து திரையில் புள்ளியின் அசைவாகக் காட்டுகிறது. வண்ணப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. காந்தப்புலத்தைத் தடுக்கவும் செய்யாது. ஆதலால் கருவிக்கு அது இல்லாததற்குச் சமம்.

முற்றிலும் சமமன்று என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சு தடித்தால் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே தொலைவு கூடும், குறிப்பு மெலியும். எனவே, சோதனைக்கு முன் ஒரு மாதிரித் தகட்டில் அளவறிந்த செயற்கைக் கீறல் இட்டு, அதன்மேல் பூச்சின் தடிமனுக்கு ஒத்த பிளாஸ்டிக் தாளை வைத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணும் முக்கியமானது. விமானங்களில் பயன்படும் அலுமினியக் கலவையில், நொடிக்கு 100,000 அதிர்வு என்றால் மின்னோட்டம் பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். 1,000 அதிர்வு என்றால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வரை இறங்கும். மேலிருக்கும் நுண்விரிசலுக்கு உயர்ந்த அதிர்வெண். அடித்தகட்டில் ஒளிந்திருப்பதற்குத் தாழ்ந்த அதிர்வெண்.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். அரை மீட்டர் நீளமுள்ள செம்புக் குழாய்கள் இரண்டும், அவற்றுள் நுழையக்கூடிய வலிமையான நியோடிமியம் காந்தம் ஒன்றும் போதும். முதற் குழாயை நிமிர்த்திப் பிடித்துக் காந்தத்தை உள்ளே விட்டால் அது கல்லைப்போல் விழாமல் மெல்ல மிதந்து இறங்கும். காந்தம் செம்பில் ஒட்டாது. குழாய்ச் சுவரில் சுழலும் மின்சாரமே அதைத் தடுக்கிறது. குழாயின் மேல் வண்ணம் பூசினாலும் காகிதம் சுற்றினாலும் வேறுபாடு இராது. இனி இரண்டாம் குழாயில் மேலிருந்து கீழாக ஒரே நீளப் பிளவு அறுத்துவிட்டுக் காந்தத்தைப் போட்டால் அது முன்னிலும் விரைவாக விழும். மின்சாரத்தின் வளையம் பிளவில் அறுந்துவிட்டது. அந்தப் பிளவின்மேல் காகிதத்தைச் சுற்றி மறைத்துவிட்டு, எந்தக் குழாய் குறையுள்ளது என்று மாணவரைக் கேட்டால், காந்தம் விழும் வேகத்தைக் கொண்டே சொல்லிவிடுவர். விமானக் கூடத்தில் நடப்பதும் இதுவே.

ஒலியும் காந்தமும்

இரண்டாவது வழி மீயொலி. பானையைத் தட்டுவதன் நுண்ணிய வடிவம் இது. நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும், செவிக்கு எட்டாத ஒலியைச் சிறு முனை வழியே உலோகத்துள் அனுப்புகிறார்கள். ஒலி, விரிசலில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆழம் அறியப்படுகிறது. கருவுற்ற தாய்மாருக்கு மருத்துவமனையில் செய்யும் 'ஸ்கேன்' பரிசோதனையும் இவ்வகையினதே. காற்று இடையில் நின்று ஒலியைத் தடுக்காதிருக்கப் பசை தடவுவதும் இரண்டிலும் உண்டு. பூச்சு உலோகத்தோடு நன்றாக ஒட்டியிருந்தால் ஒலி அதைக் கடந்து செல்லும். பூச்சு உப்பி விலகியிருந்தால் அந்தக் காற்றிடைவெளியில் ஒலி நின்றுவிடும்.

மூன்றாவது, எஃகுக்கு உரிய காந்தத் துகள் முறை. காந்தமூட்டிய எஃகில் விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். தூவிய இரும்புத் துகள்கள் அங்கே வரிசையாக ஒட்டிக்கொள்ளும். பூச்சு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மிகாதிருந்தால் அதன் மேலேயே இச்சோதனையைச் செய்யலாம் என்பது பொது விதி. அலுமினியத்துக்கு இது பயன்படாது.

எக்ஸ் கதிரும் உண்டு. எனினும் கதிரின் திசைக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய விரிசல் அதன் படத்தில் விழாமற் போகலாம். இவ்வாறு ஒவ்வொரு முறைக்கும் ஒரு கண் உண்டு. ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. எந்த உலோகம், எந்தப் பூச்சு, விரிசல் எத்திசையில் ஓடக்கூடும் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பவரே சரியான முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தேடும் இடத்தை அறியாதவருக்குக் கருவி உதவாது.

தப்பிய விரிசல்கள்

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்றின் கூரை, 24,000 அடி உயரத்தில் பெயர்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்களுடன் விமானி அதைத் தரையிறக்கியது பெரும் வியப்பு. அவ்விமானம் 89,680 பறப்புகளை முடித்திருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் ஒட்டுப் பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து அரித்து, வரிசையான ஆணித் துளைகளில் சிறுசிறு விரிசல்கள் தோன்றி ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. விமானத்தில் ஏறும்போதே தகட்டில் ஒரு விரிசலைக் கண்டதாகப் பயணி ஒருவர் பின்னர் கூறினார். அவர் அப்போது எவரிடமும் சொல்லவில்லை.

2018 ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கிலிருந்து டாலஸ் நகருக்குச் சென்ற சவுத்வெஸ்ட் விமானத்தின் இயந்திரத்தில், விசிறித் தகடு ஒன்று அடியில் முறிந்தது. சிதறிய இயந்திர உறைப் பகுதி சன்னலை உடைத்ததால் பயணி ஒருவர் உயிரிழந்தார். முறிந்த இடம், தகட்டின் வேர் சக்கரத்தில் செருகப்படும் பகுதி. தேய்மானத்தைத் தடுக்க உலோகப் பூச்சும் அதன்மேல் உலர்மசகுப் பூச்சும் இடப்படும் இடம் அது. 2012-ஆம் ஆண்டு அத்தகடு பழுதுபார்க்கப்பட்டபோது ஒளிரும் சாய முறையில் சோதிக்கப்பட்டது. விரிசல் அப்போதே பெரும்பாலும் இருந்திருக்க வேண்டும், ஆனால் அகப்படவில்லை என்பது அமெரிக்க விசாரணைக் குழுவின் முடிவு. பின்னர் சாய முறையோடு சுழல் மின்னோட்ட முறையும் பழுதுபார்ப்பில் சேர்க்கப்பட்டது. இந்தத் தகடு அதற்கு முன்பே சோதனையைக் கடந்து சென்றுவிட்டது. விபத்துக்குப் பின், இயந்திரத்தை இறக்காமலே மீயொலியால் இத்தகடுகளைச் சோதிக்குமாறு விரைந்து ஆணை பிறந்தது.

உண்டு என்றே கொள்க

இந்நிகழ்ச்சிகள் உணர்த்துவது ஒன்று: 'காணவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒரு பொருட் சொற்கள் அல்ல. தமிழாசிரியர் இலக்கண வகுப்பில் எளிதில் விளக்கக்கூடிய இந்த வேறுபாட்டை விமானத் தொழில் உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

1969 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் எப்-111 போர் விமானமொன்று, ஏறத்தாழ 100 மணி நேரமே பறந்திருந்த நிலையில், இறக்கை முறிந்து வீழ்ந்தது. எஃகு உறுப்பு ஒன்றில் அது வடிக்கப்பட்டபோதே உண்டான குறை, எல்லாச் சோதனைகளையும் தாண்டி வந்திருந்தது. அதன் பின்னர் அமெரிக்க விமானப் படை தன் அடிப்படை எண்ணத்தையே மாற்றிக்கொண்டது. 'சோதித்தோம், விரிசல் இல்லை, ஆகவே பறக்கலாம்' என்பது பழைய முறை. 'விரிசல் உண்டு என்றே கொள்வோம். சோதனைக்குத் தப்பக்கூடிய மிகப் பெரிய விரிசல் எவ்வளவு? அது ஆபத்தான அளவுக்கு வளர எத்தனை பறப்புகள் ஆகும்? அதற்குள் மீண்டும் சோதிப்போம்' என்பது புதிய முறை. பயணியர் விமானங்களுக்கும் இக்கொள்கை பின்னர் வந்தது.

இதனால் சோதனைக் கருவியைப் பற்றிய கேள்வியும் மாறியது. 'இக்கருவி காணும் மிகச் சிறிய விரிசல் எது?' என்று கேட்பதைவிட, 'இக்கருவி காணத் தவறும் மிகப் பெரிய விரிசல் எது?' என்று கேட்பதே முறை. அதை அறியப் பல மாதிரித் தகடுகளைப் பல சோதனையாளர்களிடம் கொடுத்து, எத்தனை முறை கண்டனர், எத்தனை முறை தவறினர் என்று கணக்கிடுகின்றனர். நூற்றில் தொண்ணூறு முறை அகப்படும் அளவே நம்பத்தக்க அளவாகக் கொள்ளப்படுகிறது. நள்ளிரவில், களைத்த கண்களுடன், நூற்றுக்கணக்கான ஆணித் தலைகளை ஒன்றொன்றாகச் சோதிக்கும் மனிதரும் இக்கணக்கில் ஒரு பகுதியே.

தமிழ் மண்ணில்

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971-இல் தொடங்கி, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கும் நிலையத்தில், பல்தேவ் ராஜ் முதலிய அறிஞர்கள் சிதைக்காச் சோதனையைப் பெரிதும் வளர்த்தனர். அணு உலையின் நீராவிக் குழாய்களைச் சோதிக்க வளர்த்த அறிவை, தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளைச் சேதமின்றி ஆராயவும் அவர்கள் பயன்படுத்தினர். உலையின் குழாயாயினும் விமான இறக்கையாயினும் கோயில் திருமேனியாயினும், உடைத்துப் பார்க்க இயலாத பொருளிடம் கேள்வி கேட்கும் கலை ஒன்றே.

மலேசியாவில் சுபாங்கிலும், சிங்கப்பூரில் செலத்தாரிலும் விமானப் பராமரிப்புத் தொழில் நடைபெறுகிறது. சிதைக்காச் சோதனையாளர் முறையான பயிற்சியும் தேர்வும் பெற்றுப் படிப்படியாக உயரத்தக்க தொழிலாளர். கூர்ந்த பார்வையும் பொறுமையும், கண்டதைக் கண்டபடியே எழுதும் நேர்மையுமே அத்தொழிலுக்கு அடிப்படை. தோட்டப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கும் எட்டாத தொழிலன்று அது. செம்புக் குழாயில் காந்தம் மெல்ல இறங்குவதைக் கண்டு, 'ஏன்?' என்று கேட்கும் பிள்ளையே அதற்கு ஏற்ற பிள்ளை.